குட்டி ஸ்கிரீனைப் படிங்க: ஹார்டுவேர் வாலட்டை லேப்டாப்பில் பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

போன வருஷம் ஒரு பௌர்ணமி. எங்க பெரியம்மா பையன் பெங்களூருல இருந்து கிரிவலத்துக்கு வந்திருந்தார். ஐ.டி. வேலை. மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் எடுத்து ஈதர் வாங்கி ஒரு எக்ஸ்சேஞ்சுல போட்டு வச்சிருந்தார். அன்னைய விலைக்கு நாப்பதாயிரம் ரூபாய் சொச்சம். பதினாலு கிலோமீட்டர் நடந்து முடிச்சிட்டு, விடியக்காலையில வேங்கிக்கால்ல இருக்கிற எங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சதும், பையில இருந்து பென் டிரைவ் மாதிரி ஒன்னை எடுத்து டேபிள் மேல வச்சார்.

“டேய், நீதானே இன்ஜினியரு. இதை கனெக்ட் பண்ணிக் கொடு. எல்லாத்தையும் இதுக்கு மாத்திடணும்.”

என் லேப்டாப்ல செருகி, செட்டப் முடிச்சு, பணம் வர வேண்டிய முகவரியை எடுத்தோம். அதை காப்பி பண்ணி எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல பேஸ்ட் பண்ணேன். ‘அனுப்பு’ பட்டனை அழுத்தப் போற நேரத்துல அண்ணா, “இரு, அந்தக் குட்டி ஸ்கிரீன்ல காட்டுற நம்பரோட ஒரு தடவை ஒத்துப் பாத்துக்கலாம்”னார். எனக்கு எரிச்சல். காப்பி பேஸ்ட்ல என்ன தப்பு வரப்போகுது?

முதல் நாலு எழுத்து சரி. அஞ்சாவதுல இருந்து எல்லாமே வேற.

திரும்பவும் காப்பி பண்ணேன், திரும்பவும் அதே வேற முகவரி. லேப்டாப் என்னுது. அதுல இருந்த வைரஸும் என்னுதுதான். மூணாவது வருஷம் மினி ப்ராஜெக்டுக்காக ஒரு டிசைன் சாஃப்ட்வேரோட கிராக் வெர்ஷனை இன்ஸ்டால் பண்ணியிருந்தேன். அதோட சேர்ந்து வந்த ஏதோ ஒன்னு கிளிப்போர்டை கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கிரிப்டோ முகவரி மாதிரி ஏதாவது வந்தா, அதை எடுத்துட்டு திருடனோட முகவரியை வச்சிடும். இந்த வகைக்கு கிளிப்பர் மால்வேர்னு பேரு. 2022-ல வெளிச்சத்துக்கு வந்த லாப்லாஸ் கிளிப்பர், நாம காப்பி பண்ண முகவரி மாதிரியே தெரியுற இன்னொரு முகவரியைத் தேடி வைக்கிற அளவுக்குப் புத்திசாலி.

அன்னைக்கு அண்ணா மட்டும் ஒத்துப் பார்க்காம விட்டிருந்தா, அவரோட சேமிப்பு என் கையாலேயே போயிருக்கும். அதனாலதான் இந்தக் கட்டுரை. கிரிப்டோ வாங்குங்கன்னு நான் யாருக்கும் சொல்லலை. ஆனா ஹாஸ்டல்ல, வீட்டுல, யாராவது ஒருத்தர் இந்த மாதிரி ஒரு டப்பாவைக் கொண்டு வந்து “நீதானே இன்ஜினியர்”னு கண்டிப்பா கேப்பாங்க. அப்போ என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருக்கணும்.

டப்பாவுக்குள்ள காசு இல்லை

முதல்ல ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ஹார்டுவேர் வாலட்டுக்குள்ள பிட்காயினோ ஈதரோ எதுவும் இருக்காது. நம்ம கோயில் ராஜகோபுரம் பக்கத்துல செருப்பு ஸ்டாண்ட் இருக்கே, அதை நினைச்சுக்கோங்க. செருப்பு ஸ்டாண்ட்ல இருக்கும், உங்க கையில இருக்கிறது டோக்கன் மட்டும். டோக்கனோட யார் வந்தாலும் செருப்பு அவங்களுக்குத்தான். ஆதார் கார்டெல்லாம் கேக்க மாட்டாங்க.

பிளாக்செயினும் அப்படித்தான். காசு எல்லாரும் பார்க்கிற மாதிரி அந்தப் பொதுக் கணக்குப் புத்தகத்துல இருக்கு. அதை நகர்த்துற உரிமை ‘பிரைவேட் கீ’ங்கிற 256 பிட் ரகசிய எண் வச்சிருக்கிறவருக்கு. எக்ஸ்சேஞ்சுல காசை விட்டு வச்சா, டோக்கனை வேற ஒருத்தர் கையில கொடுத்து வச்ச மாதிரி. ஹார்டுவேர் வாலட் வாங்கினா, டோக்கன் உங்க கைக்கு வந்துடுது. லெட்ஜர், ட்ரெசர் ரெண்டும் இதுல பிரபலமான கம்பெனிகள். ட்ரெசரோட முதல் மாடல் 2014-லேயே விற்பனைக்கு வந்துடுச்சு.

கேபிள் வழியா என்னதான் போகுது?

இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

நீங்க ஒருத்தருக்குப் பணம் அனுப்பணும்னு வச்சுக்குவோம். லேப்டாப்ல இருக்கிற செயலி, “இந்த முகவரிக்கு இவ்வளவு”னு ஒரு டிரான்சாக்‌ஷனைத் தயார் பண்ணுது. அதுல இன்னும் கையெழுத்து இல்லை. அது யுஎஸ்பி வழியா டப்பாவுக்குள்ள போகுது. டப்பா தன்னோட சொந்த ஸ்கிரீன்ல முகவரியையும் தொகையையும் காட்டுது. நீங்க பட்டனை அழுத்தினா, உள்ளே இருக்கிற சாவியை வச்சு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்தை மட்டும் வெளியே அனுப்புது. லேப்டாப் அதை வாங்கி நெட்வொர்க்குக்கு அனுப்பிடுது. கிரிப்டோகிராஃபி எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இது ஈசிடிஎஸ்ஏ அல்காரிதம்னு ஞாபகம் வரும்.

இந்த மொத்த வேலையிலயும் சாவி டப்பாவை விட்டு வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. அதனால வைரஸ் நிறைஞ்ச லேப்டாப்ல செருகினாலும் சாவியைத் திருடுறது ரொம்பக் கஷ்டம்.

ஆனா ஒன்னு. சாவியைத் திருட முடியாத லேப்டாப், உங்ககிட்ட பொய் சொல்லலாம். பெரிய ஸ்கிரீன்ல ஒரு முகவரியைக் காட்டிட்டு, கேபிள் வழியா வேற முகவரியை அனுப்பலாம். டப்பா அதுல கையெழுத்துப் போடணுமா வேண்டாமான்னு உங்களைத்தான் கேக்கும். நீங்க பார்க்காம ஓகே கொடுத்தா, அது நல்ல பிள்ளையா கையெழுத்துப் போட்டுடும். கையெழுத்தும் செல்லும்.

அதனால கனெக்ட் பண்ணும்போது மனசுல வச்சுக்க வேண்டிய விதி ஒன்னே ஒன்னுதான்: லேப்டாப் பொய் சொல்லுதுன்னு வச்சுக்கோங்க, குட்டி ஸ்கிரீனை மட்டும் நம்புங்க. கீழே வர்ற எல்லா ஸ்டெப்பும் இந்த ஒரு விதியோட கிளைகள்.

1. டப்பாவே ஒரிஜினல்தானா?

குட்டி ஸ்கிரீனை நம்பணும்னா முதல்ல அந்த ஸ்கிரீன் நேர்மையா இருக்கணும். 2023-ல காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு போலி ட்ரெசரைப் பிரிச்சுப் பார்த்து அறிக்கை வெளியிட்டாங்க. வெளியே பார்த்தா அச்சு அசல். உள்ளே மைக்ரோகண்ட்ரோலரையே மாத்தியிருந்தாங்க. புதுசா ரகசிய எண் உருவாக்குற மாதிரி நடிச்சிட்டு, திருடனுக்கு ஏற்கனவே தெரிஞ்ச எண்களில் ஒன்னை எடுத்துக் கொடுத்துடும்.

இன்னொன்னு. 2020-ல லெட்ஜரோட வாடிக்கையாளர் பட்டியல் கசிஞ்சு, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவங்களோட வீட்டு முகவரியும் போன் நம்பரும் வெளியே வந்துச்சு. 2021-ல அந்தப் பட்டியல்ல இருந்த சிலருக்கு “உங்க பழசுக்குப் பதிலா புதுசு”னு தபால்ல போலி லெட்ஜர் வந்துச்சு. உள்ளே ஒரு பிளாஷ் டிரைவை சால்டர் பண்ணி வச்சிருந்தாங்க.

அதனால கம்பெனியோட சொந்தத் தளம், இல்லைன்னா அவங்க பட்டியல்ல இருக்கிற விற்பனையாளர், இந்த ரெண்டு இடத்துல மட்டும் வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள்ளேயே ரகசிய வார்த்தைகள் அச்சடிச்ச அட்டை இருந்தா, அது திருடன் வச்ச பொறி. முதல் தடவை செருகும்போது கம்பெனி செயலி ‘ஒரிஜினல்தானா’ன்னு சோதிக்கும். அதைத் தாண்டிப் போகாதீங்க.

2. செயலி எங்கிருந்து வருது?

கூகுள்ல தேடி மேலே வர்ற முதல் லிங்க்கை கிளிக் பண்ணாதீங்க, அது விளம்பரமா இருக்கலாம். ஆப் ஸ்டோர்ல இருந்தாலே பத்திரம்னும் நினைக்காதீங்க. 2023 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேயே ஒரு போலி லெட்ஜர் செயலி இருந்துச்சு. அதை நம்பினவங்க 5 லட்சம் டாலருக்கும் மேல இழந்தாங்க. டப்பாவோட வந்த அட்டையில இருக்கிற இணைய முகவரியை எழுத்து எழுத்தா டைப் பண்ணிப் போங்க. டவுன்லோட் ஆனதும், கம்பெனி வெளியிட்டிருக்கிற ஹேஷ் மதிப்போட ஒத்துப் பாருங்க. லேப்ல ஹேஷ் பத்திப் படிச்சோமே, அது உதவுற இடம் இதுதான்.

3. கேபிளும் கனெக்‌ஷனும்

“செருகினேன், ஒன்னும் வரலை”ங்கிற புகாருக்குப் பல நேரம் காரணம் கேபிள். பவர் பேங்கோட வர்ற சில கேபிள்கள்ல சார்ஜ் போற கம்பிகள் மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. பெட்டியில வந்த கேபிளையே பயன்படுத்துங்க.

உபுண்டு வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு தலைவலி: சாதாரண யூசருக்கு அந்த யுஎஸ்பி சாதனத்தைத் தொட அனுமதி இருக்காது. அதுக்கு ‘யுடெவ் ரூல்ஸ்’ ஃபைலைச் சேர்க்கணும். லெட்ஜர், ட்ரெசர் ரெண்டு கம்பெனியும் அந்த ஃபைலை அவங்களே தர்றாங்க. அவசரத்துல செயலியை சூடோ போட்டு ரூட்டா ஓட்டாதீங்க. யூடியூப் கமெண்ட்ல யாரோ கொடுத்த ஸ்கிரிப்டையும் ஓட்டாதீங்க.

பிரவுசர்ல நேரடியா கனெக்ட் பண்றதா இருந்தா குரோம் மாதிரி பிரவுசர்கள்ல வேலை செய்யும். ஃபயர்ஃபாக்ஸ்ல அந்த யுஎஸ்பி வசதி கிடையாது. பிரவுசர் “இந்தத் தளம் உங்க சாதனத்தோட பேசலாமா”ன்னு கேக்கும்போது தளத்தோட பேரைப் படிச்சிட்டு அனுமதி கொடுங்க. வேலை முடிஞ்சா கேபிளைக் கழட்டிடுங்க. பிரவுசிங் சென்டர், காலேஜ் லேப், நண்பனோட லேப்டாப், எதுவும் வேண்டாம்.

4. பின் நம்பரும் அந்த 24 வார்த்தைகளும்

செட்டப் பண்ணும்போது டப்பா 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளைக் காட்டும், சில புது மாடல்கள்ல 20. பெரும்பாலானவை பயன்படுத்துறது பிஐபி-39ங்கிற தரம். பட்டியல்ல 2048 வார்த்தைகள், அதாவது ரெண்டோட 11-வது அடுக்கு. ஆக ஒவ்வொரு வார்த்தையும் 11 பிட். 24 வார்த்தைக்கு 264 பிட். அதுல 256 பிட் ரகசியம், மீதி 8 பிட் பிழை கண்டுபிடிக்கிற செக்சம். ஜப்பான், கொரியன், பிரெஞ்சு மொழிகளுக்கெல்லாம் பட்டியல் இருக்கு, தமிழுக்கு இன்னும் இல்லை. ஆங்கிலப் பட்டியல்ல முதல் நாலு எழுத்தை வச்சே எந்த வார்த்தைன்னு சொல்லிடலாம். கையெழுத்து கொஞ்சம் மோசமா இருந்தாலும் தப்பிச்சிடலாம்.

இந்த வார்த்தைகள்தான் டோக்கன். டப்பா தொலைஞ்சா புதுசு வாங்கி, இதைப் போட்டு எல்லாத்தையும் மீட்டுடலாம். இதே வார்த்தைகள் திருடன் கைக்குப் போனா டப்பா உங்க பாக்கெட்ல இருந்தும் பிரயோஜனம் இல்லை. பேப்பர்ல எழுதுங்க. போட்டோ எடுக்காதீங்க, ஏன்னா போட்டோ தானா கிளவுடுக்குப் போயிடும். வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி வைக்கிற பழக்கமும் வேண்டாம். எந்த வெப்சைட், எந்த ‘கஸ்டமர் கேர்’, எந்த பாப்-அப் இதைக் கேட்டாலும் திருட்டுதான். வார்த்தைகளை டப்பாவுலயே உள்ளிடுற மாடலா பார்த்து வாங்குறது நல்லது.

பின் நம்பர் டப்பா திருடு போனா காப்பாத்தும். லெட்ஜர்ல 3 தடவை தப்பாப் போட்டா எல்லாம் அழிஞ்சிடும். ட்ரெசர்லயும் குறிப்பிட்ட தடவைக்கு மேல தப்பாப் போட்டா அதே கதைதான். அதனால வார்த்தைகளை எழுதி வைக்காம பின் நம்பரோட விளையாடாதீங்க.

5. முதல் பணம்

கொஞ்சமா ஒரு தொகையை அனுப்பிப் பாருங்க. வந்து சேர்ந்ததும் டப்பாவை வேணும்னே ரீசெட் பண்ணி, எழுதி வச்ச வார்த்தைகளைப் போட்டு மீட்டுப் பாருங்க. சரியா வந்தா மட்டும் மீதியை அனுப்புங்க. பரீட்சைக்கு முன்னாடி மாடல் எக்ஸாம் எழுதுற மாதிரி.

முகவரியை ஒத்துப் பார்க்கும்போது முதல் நாலு, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்க்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. எத்திரியம் முகவரியில 40 ஹெக்ஸாடெசிமல் எழுத்து. அதுல எட்டு மட்டும் ஒத்துப்போகணும்னா 16-ஓட 8-வது அடுக்கு, அதாவது சராசரியா சுமார் 430 கோடி முயற்சி போதும். கேக்க பெருசா இருக்கும், ஆனா ஒரு கேமிங் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது பெரிய வேலையே இல்லை. 40 எழுத்தையும் பாருங்க. ஒருத்தர் டப்பாவைப் பார்த்து வாசிக்க, இன்னொருத்தர் லேப்டாப்ல சரிபார்த்தா ஒரு நிமிஷம்கூட ஆகாது.

குட்டி ஸ்கிரீனும் கைவிட்ட கதை

இவ்வளவும் பண்ணா போதுமான்னு கேட்டா, நம்ம நாட்டுலேயே ஒரு பெரிய பாடம் இருக்கு.

2024 ஜூலை 18. இந்தியாவோட பெரிய எக்ஸ்சேஞ்சுகள்ல ஒன்னான வாசிர்எக்ஸ்ல இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போச்சு. நம்ம கணக்குல கிட்டத்தட்ட ரெண்டாயிரம் கோடி ரூபாய். அந்த வாலட்டுக்கு ஆறு சாவிகள். அஞ்சு வாசிர்எக்ஸ்கிட்ட, ஒன்னு லிமினல்ங்கிற பாதுகாப்பு நிறுவனத்துக்கிட்ட. வாசிர்எக்ஸ்ல மூணு பேரும், அதுக்கு மேல லிமினலும் ஒப்புதல் கொடுத்தாத்தான் பணம் நகரும். பேங்க் லாக்கருக்கு ரெண்டு சாவி இருக்கிற மாதிரிதான், இன்னும் கொஞ்சம் கெட்டியா. கையெழுத்துப் போட்டவங்க கையில லெட்ஜர் ஹார்டுவேர் வாலட் இருந்துச்சு.

அப்புறம் எப்படிப் போச்சு? கம்ப்யூட்டர் திரையில காட்டின டிரான்சாக்‌ஷன் வேற, உண்மையில கையெழுத்தானது வேறன்னு வாசிர்எக்ஸ் சொன்னாங்க. வாலட்டோட கட்டுப்பாட்டையே திருடனோட ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுக்கு மாத்துற டிரான்சாக்‌ஷன்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. யார் பக்கத்துல ஓட்டைங்கிறதுல வாசிர்எக்ஸும் லிமினலும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டினாங்க. திருடினது வடகொரிய ஹேக்கர்கள்னு 2025 ஜனவரியில அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூணு நாடும் கூட்டறிக்கை விட்டுச்சு.

அடுத்த மாசமே, 2025 பிப்ரவரி 21-ல, பைபிட் எக்ஸ்சேஞ்சுல அதே பாணி. இந்த முறை சுமார் 150 கோடி டாலர்.

இங்கே குட்டி ஸ்கிரீன் ஏன் காப்பாத்தலை? சாதாரணப் பண அனுப்புதல்னா முகவரி, தொகை ரெண்டே விஷயம், டப்பாவால தெளிவா காட்ட முடியும். ஸ்மார்ட் கான்ட்ராக்ட்ல சிக்கலான கட்டளைகள் வரும்போது, டப்பாவுக்கு அது புரியலைன்னா வெறும் ஹேஷ் எண்ணையோ புரியாத டேட்டாவையோ காட்டிட்டு “ஓகேவா?”ன்னு கேக்கும். படிக்காம வெத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறது மாதிரிதான். ஆங்கிலத்துல இதுக்கே பிளைண்ட் சைனிங்னு பேரு, கண்ணை மூடிக்கிட்டுப் போடுற கையெழுத்து.

நமக்கான பாடம் சின்னது. டப்பாவோட செட்டிங்ஸ்ல பிளைண்ட் சைனிங்கை ஆஃப்லயே வைங்க. “இலவச டோக்கன் வாங்க வாலட்டை கனெக்ட் பண்ணுங்க”ன்னு ஏதாவது தளம் சொல்லி, அதை ஆன் பண்ணச் சொன்னா அங்கேயே வெளியே வந்துடுங்க. குட்டி ஸ்கிரீன்ல இருக்கிறது உங்களுக்குப் புரியலைன்னா பதில் எப்பவுமே ‘ரிஜெக்ட்’தான். ரிஜெக்ட் பண்ணா எதுவும் குறைஞ்சிடாது.

சென்னையில ஒரு வழக்கு

வாசிர்எக்ஸ் திருட்டுக்கு அப்புறம், ஒரு வருஷத்துக்கும் மேல பயனர்களோட கிரிப்டோ அப்படியே முடங்கிக் கிடந்துச்சு. அதுல ஒருத்தர் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயம் வாங்கி வச்சிருந்தார். திருடு போனது எத்திரியம் வகை டோக்கன்கள், அவரோட எக்ஸ்ஆர்பி இல்லை. ஆனாலும் அவராலயும் எடுக்க முடியலை. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபர் 25-ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ரூபாய் மாதிரி நாணயம் இல்லைன்னாலும், அது ஒருத்தர் உடைமையா வச்சிருக்கக்கூடிய, அனுபவிக்கக்கூடிய சொத்துதான்னு சொல்லி, அவருக்குப் பாதுகாப்பு கொடுத்தார்.

எக்ஸ்சேஞ்ச் முடங்கினா கோர்ட்டுக்குப் போக ஒரு பேராவது எதிர்ல இருக்கு. ஹார்டுவேர் வாலட்ல நீங்க தப்பான முகவரிக்குக் கையெழுத்துப் போட்டா எதிர்ல யாரும் இல்லை. சாவியோட சேர்ந்து பொறுப்பும் நம்ம கைக்கு வந்துடுது. நாப்பதாயிரத்துக்கு இது தேவையா, இந்தப் பொறுப்பை என்னால தாங்க முடியுமான்னு யோசிச்சு முடிவெடுங்க. வரியையும் மறக்காதீங்க: 2022 ஏப்ரல்ல இருந்து லாபத்துக்கு 30 சதவீதம், அதே வருஷம் ஜூலையில இருந்து 1 சதவீதம் டிடிஎஸ். எப்போ, எவ்வளவுக்கு வாங்கினீங்கங்கிற கணக்கை எழுதி வைங்க. டப்பா அதை உங்களுக்காக வச்சிருக்காது.

ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச நிமிஷமே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க. வெட்கப்பட்டு ரெண்டு நாள் தள்ளிப் போடாதீங்க.

அன்னைக்கு நாங்க என்ன பண்ணோம்? அண்ணா எக்ஸ்சேஞ்ச் பக்கத்தை மூடினார். நான் லேப்டாப்ல முக்கியமான ஃபைல்களை மட்டும் எடுத்து வச்சிட்டு, ஹார்டு டிஸ்க்கை முழுசா அழிச்சு புதுசா உபுண்டு போட்டேன். அந்த லேப்டாப்ல இருந்து நுழைஞ்ச எல்லா கணக்குக்கும் வேற மெஷின்ல இருந்து பாஸ்வேர்டு மாத்தினோம். சாயங்காலம் அண்ணா குட்டி ஸ்கிரீனைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா வாசிக்க, நான் லேப்டாப்ல சரிபார்த்தேன். முதல்ல ஐந்நூறு ரூபாய்க்கு அனுப்பினோம். வந்து சேர்ந்துச்சு. ரீசெட் பண்ணி மீட்டுப் பார்த்துட்டு, மீதியை அனுப்பும்போது பெங்களூரு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு.

கிராக் சாஃப்ட்வேர் அதுக்கப்புறம் என் லேப்டாப்ல ஏறலை. உங்க லேப்டாப்ல இருந்தா, வாலட் இருக்கோ இல்லையோ, இந்த வீக்எண்டே அதைத் தூக்கிடுங்க.